ஜெமினிட் இரவு: ஏற்காட்டில் எங்கே படுத்துப் பார்ப்பது?

கன்னங்குறிச்சி வாசி
2023 நவம்பர் 27

நேற்று தீபம். வாசற்படியில் வைத்த அகல்களின் எண்ணெய்க் கறை இன்னும் காயவில்லை. தீபத்தின் முழுநிலவிலிருந்து நாள் எண்ணிக்கொண்டே போனால் டிசம்பர் 12 அமாவாசை. ஜெமினிட் எரிகல் பொழிவின் உச்சம் அதற்கு இரண்டு நாள் கழித்து, 14ஆம் தேதி வியாழக்கிழமை இரவு, நம் கடிகாரத்தில் நள்ளிரவு தாண்டிய சிறிது நேரத்தில். பிறை மாலையிலேயே மறைந்துவிடும். உச்ச நேரம் நம் நாட்டின் இரவில் விழுவதும், வானத்தில் நிலவு இல்லாமல் இருப்பதும் இப்படி ஒன்றுகூடி வருவது எல்லா ஆண்டும் நடக்காது. இந்த முறை வீட்டு மாடியில் உட்கார்ந்து ஏமாற நான் தயாராக இல்லை.

இடம் எது என்பதுதான் கேள்வி. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் நாடும் லேடீஸ் சீட் இதற்கு ஏற்ற இடமே அல்ல. அங்கிருந்து சேலம் முழுவதும் விளக்குக் கடலாகத் தெரியும். அதைப் பார்க்கத்தான் மக்கள் அங்கே போகிறார்கள். அந்த வெளிச்சம் தெற்கு வானத்தில் பால் கலந்த மாதிரி ஏறி நிற்கும். ஏரிக்கரையும் வேண்டாம். இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தில்தான் இறங்கித் தேங்கும், மூடுபனியும் அங்கேதான் முதலில் படியும். ஏரியைத் தாண்டி வடக்கே, மலை முகடு நமக்கும் சேலத்துக்கும் நடுவில் வருமாறு ஒரு திறந்த மேடு கிடைத்தால் போதும். நாகலூர்ப் பக்கம் சாலையோரம் இரண்டு மூன்று இடங்கள் பார்த்து வைத்திருக்கிறேன். யாராவது அங்கே இரவு தங்கிப் பார்த்திருக்கிறீர்களா?

செவ்வாய்ப்பேட்டை மாடி
2023 நவம்பர் 27

அண்ணா, வெளிச்சக் கணக்கு சரிதான். ஆனால் குழந்தைகளை அழைத்துக்கொண்டு வருகிறவர்களையும் நினைத்துப் பாருங்கள். லேடீஸ் சீட்டில் ஆள் நடமாட்டம் உண்டு, வண்டி நிறுத்தலாம். நள்ளிரவில் பழக்கமில்லாத சாலையோரத்தில் பாய் விரித்துப் படு என்றால் என் மனைவி ஒப்புக்கொள்ள மாட்டார். நூறு எரிகல் பார்க்காவிட்டாலும் பத்து பார்த்தால் போதும் என்பவர்களுக்கு அந்த இடம் போதாதா?

ஓமலூர் ஆசிரியை
2023 நவம்பர் 28

பத்து போதும் என்றால் மலை ஏறவே வேண்டாம், உங்கள் மாடியிலேயே கிடைக்கும். இதைக் குறை சொல்லவில்லை, கணக்காகச் சொல்கிறேன்.

இன்று இரவு எட்டு மணிக்குக் கிழக்கே பார்த்து, கார்த்திகைக் கூட்டத்தில் எத்தனை நட்சத்திரம் தனித்தனியாகத் தெரிகிறது என்று எண்ணுங்கள். நிலவு இருக்கும், அதைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். நகருக்குள் நான்கு தெரிந்தால் நல்ல கண். நல்ல இருட்டில் ஆறு எளிதாகத் தெரியும். அறுமீன் என்று நம்மவர்கள் பெயர் வைத்தது அந்த இருட்டில்தான். ஏழாவது ஒன்று ஓரத்தில் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. அதன் ஒளி அளவு 5.1 (இந்த எண் கூடக் கூட நட்சத்திரம் மங்கல்). அது தெரிந்துவிட்டால் அந்த இடத்தில் பாயை விரித்துவிடலாம். எரிகற்களில் பிரகாசமானவை சில, மங்கலானவை ஏராளம். வானத்தின் ஒளி அளவு, அதாவது அங்கே கண்ணுக்குத் தெரியும் மிக மங்கலான நட்சத்திரத்தின் எண், ஒரு படி குறைந்தால் நம் எண்ணிக்கை இரண்டரை மடங்கு சுருங்கிவிடும். மாடிக்கும் மலைக்கும் உள்ள தூரம் அவ்வளவுதான், அவ்வளவு பெரியது.

இன்னொன்று. பத்திரிகைகள் ஒவ்வோர் ஆகஸ்டிலும் பெர்சீட் பொழிவைப் பற்றிப் பெரிதாக எழுதுகின்றன. அது வடக்கே வெகுதொலைவில் இருப்பவர்களுக்கு உரியது. அதன் மையப் புள்ளி, அதாவது எரிகற்கள் எல்லாம் கிளம்பி வருவதுபோலத் தோன்றும் இடம், நம் ஊரில் விடியும் நேரத்தில்கூட 44 பாகை உயரத்துக்கு மேல் வராது, ஆகஸ்டில் ஏற்காட்டில் மேகமும் விலகாது. ஜெமினிட் அப்படி அல்ல. அதன் மையம் புனர்பூச நட்சத்திரங்கள் இரண்டில் வடக்கே உள்ள காஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. சேலத்தில் அது இரவு ஏழே முக்காலுக்கு உதித்து, இரண்டேகாலுக்கு 69 பாகை உயரத்துக்கு, ஏறக்குறைய தலைக்கு மேலேயே வந்துவிடும். தமிழ்நாட்டுக்கென்று ஒரு பொழிவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆத்தூர் அம்மா
2023 நவம்பர் 28

டீச்சர், என் சின்ன மகள் கேட்கிறாள்: இவ்வளவு கல் விழுந்தால் நம் தலையில் விழாதா? என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. என் பாட்டி நட்சத்திரம் விழுவதைப் பார்த்துவிட்டால் உடனே என் முகத்தைத் திருப்பிப் பச்சை மரத்தைப் பார்க்கச் சொல்வார். பார்க்காவிட்டால் ஞாபக சக்தி போய்விடும் என்பார். அந்தப் பழக்கத்தில் இன்றும் என் கழுத்து தானாகத் திரும்புகிறது.

ஓமலூர் ஆசிரியை
2023 நவம்பர் 28

அம்மா, மகளிடம் இப்படிச் சொல்லுங்கள். கல் என்கிறோமே தவிர, வருவது பெரும்பாலும் மணல் பொடி, பெரிதாக இருந்தால் பட்டாணி. நொடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, தரைக்கு 100 கிலோமீட்டர் மேலே காற்றில் மோதுகிறது. ஒரு கிராம் தூசு அந்த வேகத்தில் கொண்டுவரும் ஆற்றல், ஒன்றே முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அவ்வளவும் ஒரு நொடிக்குள் வெளிப்படுவதால்தான் அந்தப் பொடி நமக்குத் தெரிகிறது. தரைக்கு வர ஒன்றும் மிஞ்சுவதில்லை.

தலைக்கு மேலே நடப்பதாகத் தோன்றுவதும் கண்ணின் மயக்கம். பெங்களூருக்கு நேர் மேலே 100 கிலோமீட்டர் உயரத்தில் ஒன்று எரிந்தால், ஏற்காட்டில் படுத்திருப்பவர் அதை வடக்கு வடமேற்கில் 34 பாகை உயரத்தில் பார்ப்பார். ஒரே எரிகல்லை இரண்டு ஊர்க்காரர்களும் "எங்கள் வானத்தில்" பார்த்ததாகச் சொல்வார்கள்.

இந்தத் தூசு எங்கிருந்து வருகிறது என்பது இன்னும் சுவையான செய்தி. மற்றப் பொழிவுகள் பெரும்பாலும் வால்மீன்கள் உதிர்த்த தூசு. ஜெமினிட்டின் தாய் ஃபேத்தான் என்ற சிறுகோள். 1983இல் ஐராஸ் செயற்கைக்கோள் எடுத்த படங்களில் கண்டுபிடிக்கப்பட்டது. ஒன்றரை ஆண்டுக்கும் குறைவான காலத்தில் சூரியனைச் சுற்றிவிடுகிறது; புதனைவிட மிக நெருங்கிப் போய்த் திரும்புகிறது. சூரியனுக்கு அருகில் அதற்கு ஒரு சிறு வால் முளைக்கும். அது தூசு வால் என்றே நம்பியிருந்தார்கள். சோடியம் வாயு என்று இந்த ஆண்டு ஒரு ஆய்வு வந்திருக்கிறது. அப்படியானால் இத்தனை தூசும் எப்போது, எப்படி உதிர்ந்தது என்ற கேள்வி திறந்தே இருக்கிறது. பச்சை மரத்தைப் பார்ப்பதைவிட அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள், அம்மா. ஞாபகத்தில் நிற்பதற்கு நான் உத்தரவாதம்.

நாகலூர்த் தோட்டம்
2023 நவம்பர் 29

கன்னங்குறிச்சி ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். சாலையோரத்தில் பார்த்து வைத்த இடங்களைத் தயவுசெய்து இங்கே எழுதாதீர்கள். எழுதினால் அடுத்த வாரம் ஐம்பது வண்டி நிற்கும்.

இந்த ஆகஸ்டில் இரண்டு வண்டிகளில் ஒரு கூட்டம் எங்கள் வேலியை ஒட்டி வந்து படுத்தது. மேகம் மூடியிருந்தது, ஒன்றும் தெரியவில்லை. பாட்டு வைத்தார்கள், நெருப்பு மூட்டினார்கள். சில்வர் ஓக் மரத்தின் அடிப்பட்டை கருகிப்போய், அதில் ஏற்றியிருந்த மிளகுக் கொடி காய்ந்துவிட்டது. பன்னிரண்டு ஆண்டுக் கொடி. மறுநாள் காலையில் என் மகனும் நானும் கண்ணாடிச் சில்லு பொறுக்கினோம்.

இப்போது காப்பிப் பழம் பறிக்கும் காலம். செடிகளில் பழம் சிவந்து நிற்கிறது. ஆட்கள் விடியற்காலையில் வருகிறார்கள். இரவில் காட்டெருமை இறங்குகிறது. அது தானாக யாரையும் தேடி வந்து முட்டாது. ஆனால் இருட்டில் படுத்திருக்கும் ஆள்மேல் அது தடுக்கினாலும், அதன்மேல் நாம் தடுக்கினாலும் முடிவு ஒன்றுதான். வானத்தைப் பார்க்கிறவர் தரையைப் பார்ப்பதில்லை. எனக்கு அதுதான் பயம்.

கன்னங்குறிச்சி வாசி
2023 நவம்பர் 29

நீங்கள் சொல்வது முற்றிலும் நியாயம். ஊர்ப் பெயரை எழுதியதே தவறு. என் பதிவில் அதை நீக்க இப்போது வழியில்லை, ஆனால் இடங்களை இனி யாருக்கும் சொல்ல மாட்டேன். நானும் அங்கே வர மாட்டேன். காட்டெருமை விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. மூடிய கேட்டுக்குள், உரிமையாளர் அனுமதியோடு ஓர் இடம் கிடைத்தால்தான் போவது. கிடைக்காவிட்டால் மாடிதான்.

மிளகுக் கொடிக்காக மிகவும் வருந்துகிறேன்.

நாகலூர்த் தோட்டம்
2023 டிசம்பர் 1

இரண்டு நாள் யோசித்தேன். என் மகன் ஓமலூர் டீச்சர் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று என்னைக் கார்த்திகையை எண்ணச் சொன்னான். நாற்பது ஆண்டாக இந்த வானத்தின் கீழ் இருக்கிறேன், எண்ணியதில்லை. ஏழு தெரிந்தது, அதுவும் நிலவு எழும்பாத முன்னிரவில்.

எங்கள் காப்பிக் களம் இருக்கிறது. சிமென்ட் தளம், மூன்று பக்கம் வேலி, மரம் எதுவும் மேலே கவியாது. வெயில் விழ வேண்டும் என்பதற்காகவே அப்படிக் கட்டியது. இரவில் காப்பியைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவோம். பாதிக் களம் காலியாக இருக்கும். எட்டுப் பேர் வரலாம். அதற்கு மேல் வேண்டாம். நெருப்பு, பாட்டு, குடி எதுவும் கூடாது. ஒன்பது மணிக்குள் வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கேட்டைப் பூட்டிவிடுவேன், விடியும்வரை திறக்க மாட்டேன். இருட்டில் இருபது கொண்டை ஊசி வளைவும் தூக்கக் கலக்கத்தோடு இறங்குவதற்கு யாரையும் விட எனக்கு மனமில்லை.

எதிர்ச் சரிவில் ஒரு விடுதி வெள்ளை விளக்கு ஒன்றை இரவெல்லாம் எரியவிடுகிறது. எங்கள் களம்வரை நிழல் விழும். காவலாளியிடம் பேசிப் பார்க்கிறேன்.

வாழப்பாடி படக்காரர்
2023 டிசம்பர் 2

எட்டில் ஒருவனாக என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா. கேமராவின் திரையைக் கறுப்புத் துணியால் மூடிவிடுவேன், சிவப்புப் பொத்தான் விளக்குக்கும் டேப் ஒட்டிவிடுவேன்.

படம் எடுக்க நினைப்பவர்களுக்குச் சுருக்கமாக: அகலக்கோண லென்ஸ், எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200, 15 நொடி, இடைவெளி இல்லாமல் தொடர்ச்சியாக. மையப் புள்ளியை நேராகக் குறிவைக்காதீர்கள். அங்கே கோடுகள் குட்டையாக இருக்கும்; 50 பாகை தள்ளி வைத்தால் நீளமாக விழும். ஏற்காட்டில் எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி பனி. ஒரு மணி நேரத்தில் லென்ஸ் வியர்த்துவிடும். கையைச் சூடாக்க விற்கிறார்களே, அந்தச் சிறு பொட்டலம் இரண்டை ஒரு பழைய காலுறைக்குள் போட்டு லென்ஸைச் சுற்றிக் கட்டிவிடுங்கள்.

இரண்டாமாண்டு மாணவன்
2023 டிசம்பர் 3

நானும் வர விரும்புகிறேன். என்னிடம் கேமராவோ தொலைநோக்கியோ இல்லை. கைப்பேசி மட்டும்தான். அது போதுமா?

ஓமலூர் ஆசிரியை
2023 டிசம்பர் 3

தம்பி, தொலைநோக்கி இருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அது வானத்தின் ஒரு நகத்தளவு இடத்தைத்தான் காட்டும். எரிகல் எங்கே வரும் என்று யாருக்குத் தெரியும்? உன் இரண்டு கண்தான் கருவி. கைப்பேசியைப் பையில் போட்டுவிடு. இருட்டுக்குக் கண் பழக முழுதாக அரைமணி ஆகும். அதன் பிறகு ஒரே ஒரு முறை திரையைப் பார்த்தாலும் அந்த அரைமணி வீண். டார்ச் வேண்டுமென்றால் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் இரண்டு மடிப்பு சுற்றிக்கொள்.

வெறுமனே பார்ப்பதோடு நிறுத்த வேண்டாம் என்பது என் ஆசை. எண்ணுவோம். எண்ணிக்கையை எழுத தலையைக் குனிந்தால் அந்த நேரத்தில் இரண்டு போய்விடும். அதனால் எல்லாரும் ஒரு பை புளியங்கொட்டையும் எவர்சில்வர் டம்ளர் நான்கும் கொண்டுவாருங்கள். ஒரு எரிகல்லுக்கு ஒரு கொட்டை. மணிக்கு ஒரு டம்ளர். புனர்பூசத்திலிருந்து வராத, வேறு திசையில் ஓடும் எரிகல்லுக்குக் கொட்டை போடாதீர்கள், தனியாக விரலில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எண்ணிக்கையை இன்னொருவருடையதோடு கூட்டக் கூடாது. ஆளுக்கு ஆள் தனிக்கணக்கு. விடிந்த பிறகு எண்ணி, ஒவ்வொரு மணிக்கும் வானத்தின் ஒளி அளவும் மேகம் மறைத்த பங்கும் சேர்த்துக் குறித்தால், 1988இலிருந்து இயங்கும் அனைத்துலக எரிகல் அமைப்புக்கு அனுப்பலாம். அவர்களுடைய வரைபடங்கள் இப்படிப்பட்ட வெறுங்கண் கணக்குகளால் ஆனவைதான். சேலம் மாவட்டத்துக் களத்திலிருந்தும் ஒரு வரி அதில் சேரட்டும்.

கெங்கவல்லித் தமிழாசிரியர்
2023 டிசம்பர் 5

எரிகல்லைக் குறித்து வைப்பது நமக்குப் புதிதல்ல என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். புறநானூற்றின் 229ஆம் பாட்டில் கூடலூர் கிழார் ஒரு விண்மீன் விழக் கண்டதைச் சொல்கிறார். பங்குனி மாதம், முதற் பதினைந்து நாள், பாதி இரவு. உத்தரம் உச்சியிலிருந்து சாய்கிறது, மூலம் கிழக்கே எழுகிறது, மிருகசீரிடம் மேற்கே படிகிறது. பழைய உரை சொல்லும் நட்சத்திர வரிசையில் நீங்கள் பேசும் புனர்பூசமும் உண்டு. அந்த மீன் விழுந்ததும் அரசனுக்கு என்ன ஆகுமோ என்று அஞ்சினார்கள்; ஏழாம் நாள் சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்தான். அச்சத்தை விட்டுவிடுங்கள். மாதம், பக்கம், நாழிகை, எந்த மீன் எங்கே நின்றது என்று ஒன்றுவிடாமல் பதிவு செய்திருக்கிறாரே, அந்தக் கண்ணை நான் வணங்குகிறேன். நீங்கள் நிரப்பப்போகும் படிவத்திலும் அதே கேள்விகள்தானே இருக்கும்?

கன்னங்குறிச்சி வாசி
2023 டிசம்பர் 13

நாளை இரவு. எட்டுப் பேரும் உறுதி. இன்று மாலை மலை உச்சி மேகத்துக்குள் இருக்கிறது. ஆனாலும் போகிறோம். கம்பளி, குல்லா, காலுறை இரண்டு ஜோடி. சிமென்ட் தளம் எலும்புவரை குளிரும், கோரைப்பாய்க்கு அடியில் ஏதாவது தடிமனாக விரியுங்கள். சுக்குக் காப்பி என் பொறுப்பு.

கன்னங்குறிச்சி வாசி
2023 டிசம்பர் 15

இன்னும் தூங்கவில்லை. தூங்கினால் ஏதாவது மறந்துவிடும் என்று தோன்றுகிறது, எழுதிவிடுகிறேன்.

எட்டரைக்குக் களத்தில் இருந்தோம். தோல் நீக்கிய காப்பியின் புளித்த மணம் காற்றில் நின்றது. வானம் முழுவதும் மூடியிருந்தது. தார்ப்பாய் மேல் பனி சொட்டும் சத்தம் தவிர ஒன்றுமில்லை. பத்து மணிக்கு ஒரு சந்து விட்டது, அதில் வியாழன் மட்டும் தெரிந்தது. மறுபடி மூடிக்கொண்டது. யாரும் எழுந்து போகவில்லை. போகவும் முடியாது, கேட் பூட்டியிருந்தது. பதினொன்றேகாலுக்கு எதிர்ச் சரிவு விளக்கு அணைந்தது. காவலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதற்குச் சற்று நேரத்தில் வடக்கிலிருந்து காற்று வந்து, மேகத்தைப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டிக்கொண்டு போயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? முதல் கொட்டை யாருடைய டம்ளரில் விழுந்தது என்று தெரியவில்லை. டிங் என்றது. உடனே இன்னொரு டிங். பிறகு மூன்று நான்கு சேர்ந்து. வாயால் யாரும் கத்தவில்லை, அது முன்பே பேசிக்கொண்டது. இருட்டில் எட்டு டம்ளர்களும் மாறி மாறி ஒலித்ததில், நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது தவறவிட்டவற்றைக்கூட என் காது அறிந்துகொண்டது. சில நேரம் இரண்டு நிமிடம் முழு அமைதி. நான் கண்ணிமைக்கவும் பயந்தேன். பிறகு ஒரே மூச்சில் ஐந்து.

பெரும்பாலானவை வெள்ளை, கொஞ்சம் மஞ்சள் ஓடியவை. விரைந்து கீறுவதில்லை, அளவான வேகம். பார்த்துப் பின்தொடர நேரம் தருகின்றன. ஒரு மணி பத்துக்கு ரோகிணிக்குக் கீழே ஒன்று வந்தது. அதன் வெளிச்சத்தில் களத்தின் விளிம்பும், தார்ப்பாயின் மடிப்பும், எனக்குப் பக்கத்தில் படுத்திருந்த தோட்டத்து ஐயாவின் முகமும் ஒரு கணம் தெரிந்தன. அவர் கொட்டை போட மறந்துவிட்டார். சிறிது நேரம் கழித்து அவர் டம்ளரிலிருந்து மட்டும் தனியாக ஒரு ஒலி வந்தது.

பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரைவரை என் டம்ளரில் 63. கார்த்திகையில் ஏழும் தெரிந்தன. வானத்தின் ஒளி அளவு 5.8 என்று டீச்சர் கணித்தார். மூன்றரைக்கு மூடுபனி ஏறிவிட்டது. விடிந்ததும் களத்துச் சுவர்மேல் டம்ளர்களை வரிசையாக வைத்துக் கொட்டைகளை எண்ணினோம். வேலிக்கு அப்பால் ஈர மண்ணில் காட்டெருமையின் குளம்புத் தடம் நீளமாகப் போயிருந்தது. ஒருவரும் அது வந்ததை அறியவில்லை.

செவ்வாய்ப்பேட்டை மாடி
2023 டிசம்பர் 15

நாங்கள் மாடியில் பார்த்தோம். மேகம் விட்டுவிட்டு இருந்தது. பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரை எனக்கு 9, என் மகனுக்கு 11. செய்தியில் மணிக்கு 150 என்று சொல்லியிருந்தார்கள். மலையிலேயே 63 தான் என்றால் அந்த 150 எங்கே?

ஓமலூர் ஆசிரியை
2023 டிசம்பர் 16

நல்ல கேள்வி, பலரும் ஏமாறும் இடம் இது. செய்தியில் வரும் எண், மையப் புள்ளி நேர் உச்சியில் இருந்து, வானத்தின் ஒளி அளவு 6.5 ஆகவும் இருந்தால் ஒருவருக்குத் தெரியக்கூடியது. இரண்டும் ஒன்றாக அமைவது அரிது. ஏற்காட்டில் நமக்குக் கிடைத்தது 5.8. அந்த 0.7 குறைவே எண்ணிக்கையை ஏறத்தாழப் பாதியாக்கிவிடும். ஒரு மணி வாக்கில் புனர்பூசம் 62 பாகை உயரத்தில் இருந்தது, அதனால் இன்னும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று. இரண்டையும் திருப்பிக் கணக்கிட்டால் 63 என்பது 138 ஆகிறது. செய்தி பொய் சொல்லவில்லை, நாமும் தவறவிடவில்லை.

உங்கள் மாடிக்கு ஒளி அளவு 4 என்று வைத்து அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்: மணிக்கு 10, 11 வரும். உங்கள் மகன் 11 எண்ணியிருக்கிறான். அவனுக்கு என் பாராட்டு. அடுத்த முறை அவனைக் களத்துக்கு அழைத்து வாருங்கள்.

படிவங்களை அனுப்பிவிட்டேன்.

வாழப்பாடி படக்காரர்
2023 டிசம்பர் 16

893 படங்கள். எரிகல் விழுந்தவை 38. எல்லாவற்றையும் ஒரே படமாக அடுக்கிப் பார்த்தால் கோடுகள் அனைத்தும் பின்னோக்கிப் புனர்பூசத்தில் போய்ச் சேர்கின்றன. ஒரு மணி பத்து எரிகல் என் கேமராவுக்கு முதுகுப்புறம் போய்விட்டது. ஆனால் அந்த நேரத்துப் படத்தில் சில்வர் ஓக் மரங்கள் மட்டும் பகல்போல் நிற்கின்றன.

கன்னங்குறிச்சி வாசி
2024 டிசம்பர் 14

இந்த ஆண்டு போகவில்லை. ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தது எல்லாருக்கும் தெரியும். சாலை சரியாக இருந்திருந்தாலும் பயனில்லை. நேற்றுதான் தீபம், வானம் முழுவதும் நிலவு. மாடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன், மூன்று. தோட்டத்து ஐயா, களம் தப்பியதா?

நாகலூர்த் தோட்டம்
2024 டிசம்பர் 15

களம் தப்பியது. கீழ்வரப்பு ஒன்று சரிந்துவிட்டது. பழம் நிறைய உதிர்ந்துபோயிற்று. நானும் மகனும் நேற்று வெளியில் நின்று பார்த்தோம், நிலவையும் மீறி ஆறு.

இரண்டாமாண்டு மாணவன்
2025 நவம்பர் 24

பெயரை மாற்றத் தெரியவில்லை, படிப்பை முடித்து வேலைக்கே போய்விட்டேன். இந்த ஆண்டு டிசம்பர் 13 சனிக்கிழமை இரவு. தேய்பிறை நிலவு ஒன்றரை மணி வாக்கில்தான் எழும், அதுவும் பாதிக்குக் குறைவு. ஒன்பதிலிருந்து ஒன்றரைவரை முழு இருட்டு கிடைக்கும். மறுநாள் ஞாயிறு. ஐயா அனுமதித்தால் வருகிறோம்.

செவ்வாய்ப்பேட்டை மாடி
2025 நவம்பர் 24

மகன் இப்போது எட்டாம் வகுப்பு. இரண்டு ஆண்டாகப் புளியங்கொட்டை சேர்த்து வைத்திருக்கிறான். எங்கள் இருவருக்கும் இடம் இருக்குமா?

நாகலூர்த் தோட்டம்
2025 நவம்பர் 25

எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம் என்று சொன்னேன். பையன் வந்தால் ஒன்பதாக இருக்கட்டும். விடுதிக் காவலாளி மாறிவிட்டார், புதியவரிடம் இன்னும் பேசவில்லை, இந்த வாரம் போகிறேன். வரும்போது முகப்பு விளக்கைக் கேட்டுக்கு வெளியிலேயே அணைத்துவிடுங்கள், நான் டார்ச்சோடு வந்து அழைத்துப் போகிறேன். போன முறை டம்ளர்களில் ஆறு இங்கேயே தங்கிவிட்டன. கழுவி வைத்திருக்கிறேன், புதிதாகக் கொண்டுவர வேண்டாம்.